கோயிலிழந்த நான்முகன்

படைப்பவன் பிரமன், காப்பவன் திருமால், அழிப்பவன் சிவன். மூன்று தொழில், மூன்று தலைவர். உலகம் தோன்றிய நாள் தொட்டு இந்த ஏற்பாடு இம்மியும் பிசகாமல் நடந்து வருகிறது என்கிறார் காலட்சேபக்காரர். கேட்போர் தலையசைக்கின்றனர். தலையசைத்த அன்பர் வீடு திரும்பும் வழியில் சிவன் கோயில் இருக்கிறது, பெருமாள் கோயில் இருக்கிறது, அரசமரத்தடியில் பிள்ளையார், ஊர்ப்புறத்தில் மாரி, ஏரிக்கரையில் ஐயனாரின் மண்குதிரை. உலகையே படைத்தவனுக்கு? ஒரு கீற்றுக் கொட்டகையும் இல்லை! வடக்கே புஷ்கரம் போன்ற ஓரிரு தலங்களை விட்டால், இந்தப் பரந்த துணைக்கண்டத்தில் அவனுக்கென்று எழுந்த பெருங்கோயில் அரிது. வீட்டைக் கட்டிய கொத்தனுக்கு அந்த வீட்டில் திண்ணையும் கிடைக்கவில்லை.

ஏன் என்று கேட்டால், "சாபம் ஐயா, சாபம்!" என்பார் காலட்சேபக்காரர். அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூணாய்ச் சிவன் நின்றானாம். அடி தேடித் திருமால் பன்றியாய்த் தோண்டினானாம். முடி தேடிப் பிரமன் அன்னமாய்ப் பறந்தானாம். முடியைக் காணாமலே கண்டேன் என்றானாம். தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்தானாம். அதனால் அவனுக்குக் கோயில் இல்லை, அந்தப் பூவுக்குப் பூசையில் இடமில்லை. பொய் சொன்னால் கோயில் போகும் என்பது விதியானால் புராணத்தில் எத்தனை பேருக்குக் கோயில் மிஞ்சும் என்று நாம் கேட்கப் போவதில்லை. இந்தக் கதை எந்தக் காலத்தில் கட்டப்பட்டது? இதைக் கட்டுவோருக்கு அப்போது என்ன தேவை? இவையே நம் வினாக்கள். கடவுளருக்கும் வரலாறு உண்டு. வாழ்வு உண்டு, தாழ்வு உண்டு. ஏட்டிலும் கல்லிலும் அது பதிந்தே கிடக்கிறது.

பழைய ஏட்டிலிருந்தே தொடங்குவோம். இருக்கு வேதத்தில் 1028 பாடல்கள். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்திரனுக்கு. அவனை அடுத்து அக்கினிக்கு. திருமாலுக்கே முழுவதும் உரியவை ஐந்தாறு; அங்கே அவன் இந்திரனின் தோழன், மூன்றடி வைத்து உலகளந்தவன், அவ்வளவே. உருத்திரனுக்கு முழுவதும் உரியவை மூன்று. அவனிடம் பாடுவோர் கேட்கும் வரம் விந்தையானது: எங்கள் பிள்ளைகளைக் கொல்லாதே, மாடுகளைக் கொல்லாதே, உன் அம்பு வேறு பக்கம் போகட்டும்! 'சிவ' என்பது மங்கலம் என்ற பொருளில் வரும் அடைமொழி. தனிக் கடவுளின் பெயராக அங்கே இறுகவில்லை. நான்முகம் கொண்ட பிரமன் என்று ஒருவன் இல்லவே இல்லை. படைப்பைப் பற்றி அங்கே ஒரே கதையும் இல்லை. விசுவகர்மன் செய்தான் என்கிறது ஒரு பாடல். பொற்கரு ஒன்றிலிருந்து வந்தது என்கிறது மற்றொன்று. புருடன் என்ற பேருருவை வேள்வியில் வெட்டியதால் வந்தது என்கிறது பத்தாம் மண்டலத்தின் 90ஆம் பாடல். அதே மண்டலத்தின் 129ஆம் பாடலோ, தேவர்களே படைப்புக்குப் பின்னால் வந்தவர்கள், பிறகு யாருக்குத்தான் தெரியும் என்று கேட்டு, விடை கூறாமல் ஐயத்தோடு முடிகிறது. ஐயுறுதல் பாவம் என்று நம் இளைஞர்களை மிரட்டும் பெரியவர்கள் அந்த 129ஐப் படித்ததுண்டா?

வேள்வி வளர்ந்தது, வேள்வி செய்விப்போரின் செல்வாக்கும் வளர்ந்தது. பிராமணங்கள் எனப்படும் வேள்வி விளக்க நூல்களில் பிரசாபதி என்ற படைப்போன் முதலிடத்துக்கு வந்தான். அவனே காலப்போக்கில் பிரமன் ஆனான். புத்தர் வாழ்ந்த காலத்தை ஒட்டிய பாலி ஏடுகளைப் பார்த்தால் பிரமனின் அந்நாளைய உயரம் தெரியும். பௌத்தர் எள்ளி நகைக்கத் தேர்ந்தெடுத்த கடவுள் அவன்தான்; செல்லாக் காசைக் கள்ளனும் தேடமாட்டான் அல்லவா?

'தீக நிகாய'த்தில் ஒரு கதை வருகிறது. நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கும் எச்சமின்றி ஒடுங்குமிடம் எது என்று அறிய விரும்பிய ஒரு துறவி, தேவருலகங்கள் ஒவ்வொன்றாக ஏறிச் செல்கிறார். ஒவ்வொரு தேவரும் தமக்குத் தெரியாதென்று தமக்கு மேலிருப்பவரைக் காட்டிவிடுகிறார். இறுதியில் மகாபிரமன் ஒளிவெள்ளத்தில் தோன்றுகிறான். துறவி கேள்வியைக் கேட்கிறார். நானே பிரமன், நானே படைத்தவன், நானே எல்லாம் அறிந்தவன் என்று விருதுகளை அடுக்குகிறான் அவன். அதைக் கேட்கவில்லையே என்கிறார் துறவி. மீண்டும் அதே விருதுகள். மூன்றாம் முறையும் கேட்கவே, துறவியின் கையைப் பற்றித் தனியே அழைத்துப் போய்ச் சொல்கிறான்: எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இந்தத் தேவர்கள் நம்புகிறார்கள்; அவர்கள் எதிரே தெரியாதென்று சொல்ல முடியவில்லை; உண்மையில் எனக்குத் தெரியாது; நீ புத்தரிடமே போய்க் கேள்! அவையில் வீறாப்பு, மறைவில் ஒப்புதல்! நாட்டில் நாம் காணும் மகாபிரமர்கள் எத்தனை பேர் நினைவுக்கு வருகிறார்கள்!

கதை நகைப்புக்குரியது. 'மச்சிம நிகாய'த்தில் வரும் மற்றொரு உரையாடல் நம்முடைய பொருளின் நடு நரம்பைத் தொடுவது. சாவத்தி நகரத்துப் பார்ப்பனர் ஐந்நூறு பேர் கூடி, அசலாயனன் என்ற பதினாறு வயது மாணவனைப் புத்தரோடு வாதிட அனுப்புகின்றனர். பார்ப்பனரே உயர்ந்தோர், பிரமனின் வாயிலிருந்து பிறந்தோர் என்பது அவன் கொண்டு வரும் வாதம். புத்தர் அமைதியாகக் கேட்கிறார்: பார்ப்பனப் பெண்களும் மற்றப் பெண்களைப் போலவே மாதவிலக்காகிறார்கள், சூல் கொள்கிறார்கள், மகப்பேறு அடைகிறார்கள், பாலூட்டுகிறார்கள். கண்முன் இப்படிப் பிறந்தவர்கள் வாயிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்வது எங்ஙனம்? யவன நாட்டிலும் காம்போசத்திலும் ஆண்டான், அடிமை என்ற இரண்டே பிரிவு; அங்கே ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் உண்டு என்று கேள்விப்பட்டதில்லையா? உயர்குலத்தான் சந்தனக்கட்டையைக் கடைந்து மூட்டிய தீயும், சண்டாளன் நாய்க்குத் தீனி வைக்கும் தொட்டியின் கட்டையைக் கடைந்து மூட்டிய தீயும் ஒன்றுபோல் சுடவில்லையா, ஒளி தரவில்லையா? பதினாறு வயதுப் பையன் தலை கவிழ்ந்து நின்றான் என்கிறது ஏடு. பிறப்பைப் பிறப்பால் மறுத்த அந்த வாதத்துக்கு விடை, அன்றுமுதல் இன்றுவரை வைதீகத்தின் கையில் இல்லை.

இந்த இடத்தை நினைவில் இருத்திக்கொண்டு பிரமனின் வீழ்ச்சிக்கு வருவோம். வேள்விக் கூடத்துக் கடவுளுக்கு மக்கள் திரளில்லை. குளத்தங்கரையிலும் மலையடியிலும் மக்கள் தாமே வணங்கிய தெய்வங்களைத் தம்முள் இழுத்துக்கொண்டு சைவமும் வைணவமும் பெருகின. பெருகியவை பிரமனின் உடைமைகளில் கை வைத்தன. இதில் வைணவத்தின் கைவண்ணம் தனி. திருமாலின் பத்துப் பிறப்புகளில் மீன், ஆமை, பன்றி என்று முதல் மூன்றைச் சொல்கிறோமே, அவை யாருடையவை? சதபத பிராமணத்தில் ஆமையுருக் கொண்டு உயிர்களைப் படைத்தவன் பிரசாபதி. நிலத்தைத் தூக்கி நிறுத்திய பன்றியும் பிரசாபதியே. மனுவை வெள்ளத்திலிருந்து காத்த மீனுக்கு அந்நூலில் கடவுட்பெயரே இல்லை. பாரதத்தின் வனபருவத்தில் அந்த மீன், தான் பிரமன் என்றே சொல்லிக்கொள்கிறது. பின்னர் எழுந்த புராணங்களில் மூன்றும் திருமாலின் கணக்கில் ஏறின. பத்திரத்தில் பெயர் மாற்றி எழுதிய வேலை! அதோடு விட்டார்களா? திருமாலின் கொப்பூழ்த் தாமரையில் உதித்த பிள்ளையாகப் பிரமனை ஆக்கினர். நம் பெரும்பாணாற்றுப்படையிலேயே நான்முகன் அந்தத் தாமரைப் பிள்ளையாகத்தான் வருகிறான்.

வைணவர் சொத்தை எடுத்தனர். சைவர் தலையை எடுத்தனர். ஐந்து தலையோடு செருக்கித் திரிந்த பிரமனின் ஒரு தலையைச் சிவன் கொய்தான் என்பது கதை. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றாகிய, தஞ்சையை அடுத்த கண்டியூர் அந்தக் கொய்தலுக்குரிய தலம் என்பர். அடிமுடி தேடிய கதையைச் சம்பந்தர் விடாப்பிடியாகப் பாடினார். அவருடைய பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் நசுங்குவான், ஒன்பதாம் பாட்டில் மாலும் அயனும் தேடித் தோற்பார்கள், பத்தாம் பாட்டில் சமணரும் பௌத்தரும் வசை வாங்குவார்கள். பெரும்பாலும் இந்த வரிசை மாறாது. ஊர் ஊராக, கோயில் கோயிலாக, பாட்டுத்தோறும் பிரமன் தோற்றால் அவனுக்கு எந்த மன்னன் கல் எடுப்பான்? சோழர் காலக் கோயில்களில் கருவறையின் மேற்குப் புறச்சுவரில் அடிமுடி காட்டாத சிவன், வடக்குப் புறச்சுவரில் பிரமன். அந்த மாடம் பரிசன்று. தோற்ற சிற்றரசனை வென்றவன் அவையில் நிற்கவைக்கும் இடம். கந்தபுராணம் ஒருபடி மேலே போயிற்று. பிரணவத்தின் பொருள் தெரியாத பிரமனை முருகன் தலையில் குட்டிச் சிறையிலடைத்தான். படைப்புத் தொழிலையும் தானே நடத்தினான். படைப்பவனே சிறையில் இருந்தபோதும் படைப்பு நின்றுவிடவில்லை! கதை எழுதியவர் இதில் உள்ள நகைச்சுவையைக் கவனித்தாரோ என்னவோ.

அப்படியானால் மும்மூர்த்தி என்ற ஏற்பாடு எங்கே இருந்து வந்தது? சைவரைக் கேட்டால் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தும் சிவன் செயல் என்பர். அழிப்பு இலாகாவோடு அவனை நிறுத்தினால் சினம் கொள்வர். வைணவரைக் கேட்டால் ஆக்கமும் ஒடுக்கமும் நாரணனுக்கே என்பர். சமமான மூவர், ஆளுக்கொரு தொழில் என்பதை இரு பெருஞ்சமயத்தாரும் மனமார ஏற்றதில்லை. பூசலிட்ட கூட்டங்களை ஒரே கூரையின்கீழ் உட்காரவைக்க வேண்டிய அரசவையும், அரசவையைச் சார்ந்த புலவரும் விரும்பிய ஏற்பாடு அது என்பது நம் கருத்து. காளிதாசனின் குமாரசம்பவத்தில் தேவர்கள் பிரமனைப் போற்றும்போது, ஒருவனே மூன்றாகப் பிரிந்தான் என்கின்றனர். அந்த அவைமணம் அப்போதே வீசத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டில் அதற்குக் கல்லிலேயே சான்று கிடைக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரை. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, பிரமன், ஈசுவரன், விட்டுணு மூவருக்கும் இந்த இருப்பிடத்தை விசித்திரசித்தன் செய்வித்தான் என்று வடமொழிக் கல்வெட்டொன்றில் அவன் பொறித்துள்ளான். பக்கம் பக்கமாக மூன்று மாடங்கள். சம அளவு, சம வரிசை. தொண்டை மண்டலத்தில் அன்று சைவம், வைணவம், சமணம், பௌத்தம், காபாலிகம் அனைத்தும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. அந்த முட்டலை அவனே 'மத்தவிலாசம்' என்ற நகை நாடகத்தில் எள்ளி எழுதியவன். மூவருக்கும் சம இடம் என்பது அப்படிப்பட்ட அரசனின் அரசியல் கணக்கு. இன்று அம்மாடங்கள் மூன்றும் வெறுமையாக உள்ளன.

கணக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. மாமல்லபுரத்து மும்மூர்த்தி குகைக்குப் போய்ப் பாருங்கள். பெயர் என்னவோ மும்மூர்த்தி. பிரமனின் இடத்தில் நிற்கும் உருவத்துக்கு ஒரே முகம். அது முருகனின் ஒரு வடிவமான பிரமசாத்தன் என்பர் ஆய்வாளர் பலர். குட்டிச் சிறையிலடைத்தவனே நாற்காலியிலும் அமர்ந்துவிட்டான்! எலிபெண்டாத் தீவுக் குகையின் பெரிய மும்முகச் சிற்பத்தை மும்மூர்த்தி என்று நெடுங்காலம் புத்தகங்கள் எழுதிவந்தன. அம்மூன்று முகமும் சிவனுடையவையே. கிறித்தவரின் மும்மைக்கு இணையொன்று தேடிய 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆசிரியர்களுக்கு இந்த மூவர் சூத்திரம் இனித்தது. அவர்கள் எழுதியது பாடப்புத்தகத்துக்குள் புகுந்தது. பாடப்புத்தகத்தில் வந்தது 'அநாதி காலத்து உண்மை' ஆயிற்று.

பிரமன் ஒதுங்கியபின் மிஞ்சிய இருவரும் சும்மா இருந்தார்களா? நரசிங்கத்தை அடக்கச் சிவன் சரபமானான் என்றனர் சைவர். தாராசுரத்திலும் திரிபுவனத்திலும் சோழர் அதைக் கல்லில் வைத்தனர். அந்தச் சரபத்தையும் அடக்க இருதலைப் பறவையொன்றைக் கொண்டுவந்தனர் வைணவர். தில்லையில் கோவிந்தராசரை இரண்டாம் குலோத்துங்கன் அகற்றிக் கடலில் எறிந்ததை அவைப்புலவர் ஒட்டக்கூத்தர் பெருமையாகவே பாடினார். விசயநகரத்து அச்சுதராயன் 1539இல் மீண்டும் அங்கே கோவிந்தராசரை வைத்தான். காப்பவனைக் கடலிலிருந்து காக்கவும், மீண்டும் நிலைநாட்டவும் அரசர்கள் தேவைப்பட்டனர். இவ்வளவு போதும், இந்தப் பூசலைச் சொல்லிக்கொண்டே போனால் ஏடு முழுதும் நிறையும்.

நாம் வியப்பது வேறொன்றை. சொத்துப் பறிபோயிற்று, தலை போயிற்று, கோயில் போயிற்று, தொழிலும் போயிற்று. பிரமன் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரே ஒரு வேலை மட்டும் எவராலும் பறித்து எறியப்படவில்லை. வாயிலிருந்து பார்ப்பனன், தோளிலிருந்து அரசன், தொடையிலிருந்து வணிகன், காலிலிருந்து சூத்திரன்!

புருட சூக்தத்தில் வேள்விப் பலியாக வெட்டுண்ட பேருருவின் உறுப்புகளாய் இருந்த அந்தப் பங்கீடு, மனுநூலின் முதல் அதிகாரத்தில் படைத்தோனின் திட்டமாக மாறுகிறது. பொன்முட்டை, அதனுள் பிரமன், பிறகு உலகம், பிறகு உலகம் தழைக்க நான்கு வருணம். அந்த அதிகாரம் முடிவதற்குள் வேலைப் பங்கீடும் வந்துவிடுகிறது: சூத்திரனுக்கு விதித்த தொழில் ஒன்றே ஒன்று, மற்ற மூவருக்கும் மனங்கோணாமல் ஊழியம் செய்தல். காப்புக் கடவுளை உயர்த்திய நூல்கள் இதைத் துறந்தனவா? கீதையின் நான்காம் அத்தியாயத்தில், நால்வகை வருணத்தைப் படைத்தவன் தானே என்கிறான் கண்ணன். கடை கைமாறியது, புதிய முதலாளி பலகையில் தன் பெயரை எழுதிக்கொண்டான், உள்ளேயிருந்த சரக்கு பழைய சரக்கே! குணத்தாலும் தொழிலாலும்தானே பிரித்தான், பிறப்பால் அல்லவே என்று சமாதானம் கூறுவார் உண்டு. தவம் என்னும் உயர்குணமும் உயர்தொழிலும் மேற்கொண்ட சம்பூகனின் தலையை இராமன் வெட்டியதாக உத்தரகாண்டம் சொல்கிறதே, அங்கே பார்த்தது குணத்தையா, பிறப்பையா?

அழிப்புக்கும் இதே முத்திரை. கலி முற்றினால் உலகம் அழியும் என்கின்றன புராணங்கள். கலி முற்றியதற்கு அடையாளங்களாக அவை அடுக்குவதைப் படியுங்கள்: சூத்திரர் அரசாள்வார்கள், வருணங்கள் கலந்துவிடும். படைப்பு என்றால் வருணம் பிறத்தல், காப்பு என்றால் வருணம் நிலைத்தல், அழிவு என்றால் வருணம் குலைதல்! அண்டத்தின் கதை என்று எண்ணித் திறந்த ஏட்டுக்குள் இருப்பது ஒரு கிராமத்தின் தெருப்பிரிவினை.

இங்கே இடைமறித்து ஒரு நண்பர், பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, விஞ்ஞானம் பூமிக்குச் சொல்லும் வயது ஏறத்தாழ 454 கோடி, முன்னோர் அறிவைப் பார்த்தீர்களா என்கிறார். பார்ப்போம். கலியுகம் 4,32,000 ஆண்டு. அதை இரட்டித்தால் துவாபரம், மும்மடங்காக்கினால் திரேதா, நான்மடங்காக்கினால் கிருதம். நான்கையும் கூட்டினால் 43,20,000. அதை ஆயிரத்தால் பெருக்கினால் 432 கோடி. பாறையைச் சோதித்து வந்த எண் அன்று, பெருக்கல் வாய்பாட்டில் வந்த எண். மேலும் அது பகலின் முழு நீளம். அதே கணக்கின்படி இந்தப் பகலில் இதுவரை கழிந்தது ஏறத்தாழ 197 கோடி ஆண்டுதான். 197ஐ மறைத்து 432ஐக் காட்டுவது என்ன கணக்கு என்று நண்பரிடம் கேட்டோம். பேச்சு அத்தோடு வேறு பக்கம் திரும்பியது.

பழந்தமிழர் படைத்தோனை எப்படிப் பார்த்தனர்? தொல்காப்பியம் முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் மருதத்துக்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் சொல்கிறது. நிலத்துக்கொரு தெய்வம், தொழிலுக்கொரு தெய்வமன்று. புறநானூற்று 56ஆம் பாட்டில் பாண்டியனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடும் நக்கீரர் சிவனையும் பலதேவனையும் மாயோனையும் சேயோனையும் எண்ணுகிறார், நான்முகனை எண்ணவில்லை. சிலம்பில் இந்திரவிழாவின்போது புகாரின் கோயில்கள் வரிசையாக வருகின்றன: சிவன், முருகன், பலதேவன், திருமால், இந்திரன். அங்கும் அவன் இல்லை. படைத்தோன் நினைவுக்கு வரும்போது நம் புலவர்கள் அவனைத் தொழவில்லை, திட்டினார்கள்! ஒரு வீட்டில் சாப்பறை, மறுவீட்டில் மணமுழவு. இப்படியோர் உலகைச் செய்தவன் நல்லவனல்லன் என்று சினந்தார் பக்குடுக்கை நன்கணியார், புறநானூற்று 194ஆம் பாட்டில். பிறரிடம் கையேந்தியே சிலர் பிழைக்கவேண்டும் என்று அமைத்திருந்தால், அப்படி அமைத்தவனே அலையட்டும் என்ற கருத்தில் 'இரவச்சம்' அதிகாரத்தில் வள்ளுவர் சாபமிட்டார். மணிமேகலையில் ஆபுத்திரனைப் பிறப்புக் கூறி இழித்த வேதியரிடம் அவன், உங்கள் முனிவர் வசிட்டரும் அகத்தியரும் தேவகணிகை வயிற்றுப் பிள்ளைகள்தாமே, என் தாயைப் பழிக்க உங்களுக்கு வாய் ஏது என்ற கருத்தில் திருப்பிக் கேட்டான். வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் அவிழ்த்துச் சென்ற பையன் அல்லவா, அவன் கேட்கமாட்டானா? சாவத்தியில் அசலாயனன் கேட்டுத் தலைகவிழ்ந்த வாதத்தின் தமிழ்க் குரல் அது.

ஆனால் வாதத்தில் தோற்றது வாழ்க்கையில் தோற்கவில்லை. பள்ளியில் பாடம் சொல்வது நம் தொழில். பத்தாம் வகுப்பில் பையன் தவறிவிட்டால் வயலிலிருந்து ஓடிவரும் தந்தை, "எல்லாம் இவன் தலையெழுத்துங்க" என்கிறார். எழுதியவன் யார்? பிரமன்! கோயிலில் அவனுக்கு விளக்கேற்றாத அந்த உழவர், பிள்ளையின் நெற்றியில் அவன் எழுதியதாகச் சொன்ன எழுத்தை மட்டும் அழியாதது என்று நம்புகிறார். திருச்சியை அடுத்த திருப்பட்டூரில் அந்த எழுத்தை மாற்றி எழுதித் தருவான் என்று பிரமன் சந்நிதிக்கே கூட்டம் போகிறது. பையன் தவறியதற்குக் காரணம் கணக்கில் அவன் பின்தங்கியது. பின்தங்கியதற்குக் காரணம் அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராதது. வராததற்குக் காரணம் வீட்டில் கூலிக்கு ஆளில்லாதது. இதில் நெற்றி எங்கே வந்தது?

நெற்றியோடு நிற்கவில்லை, நீதிமன்றத்துக்கும் போயிற்று. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி, வாரிசுரிமை, திருமணம், சாதி முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரமே சட்டம் என்றாயிற்று. வில்லியம் ஜோன்ஸ் மொழிபெயர்த்த மனுநூல் 1794இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன்பின் ஒருவர் சூத்திரரா, இருபிறப்பாளரா என்பதை வெள்ளைக்கார நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்தனர். மணவுறவுக்குப் புறத்தே பிறந்த மகன் சூத்திரன் வீட்டில் சொத்தில் பங்கு பெறலாம். மற்ற மூவர் வீட்டில் சோற்றுக்கு மட்டும் உரியவன். ஆகவே தந்தை பிரமனின் எந்த உறுப்பில் வந்தவர் என்று தெரிந்தால்தான் வழக்கு முடியும்! 1956இல் வாரிசுரிமைச் சட்டம் வரும்வரை இந்த வேறுபாட்டுக்கு உயிர் இருந்தது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் சென்றதற்காக எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கௌன்சில்வரை போயிற்று. அவர்களுக்கு அவ்வுரிமை இல்லை என்று 1908இல் தீர்ப்பாயிற்று. வெள்ளையனின் உச்ச மன்றம், வேதியனின் சாத்திரம். இரண்டும் சேர்ந்து கதவைச் சாத்தின. சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது.

சாத்திய கதவைத் தட்டியவர்களை மறக்கலாகாது. மராட்டியத்தில் சோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி'யில், பிரமன் வாயால் பெற்றான் என்றால் பேற்றுக்குரிய உறுப்பு வாயில் இருந்ததா, விலக்கு நாட்களில் எங்கே உட்கார்ந்தான் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார். புத்தர் அசலாயனனிடம் மென்மையாகக் கேட்டது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, உழவன் நாவில் சுள்ளென்று வந்தது. பூலேயின் நினைவுக்கே தம் நூலைப் படைத்த அம்பேத்கர், 1946இல் வெளிவந்த 'சூத்திரர் யார்?' என்ற ஆய்வில், புருட சூக்தத்தை வரிவரியாக ஆராய்ந்து, நால்வருணம் கூறும் பகுதி பிற்காலச் சேர்க்கை என்று வாதிட்டார். அதற்கு முன் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அவர் தலைமையில் மனுநூல் கொளுத்தப்பட்டிருந்தது. தெற்கே பெரியார், கோயிலுக்குள் நுழைவதோடு நில்லாமல் கருவறைக்குள் யார் நுழையலாம் என்று கேட்டார். கடைசிக் கதவு அதுதானே?

அந்தக் கேள்விக்குச் சட்டமன்றம் 1970இல் விடை சொன்னது: வழிவழி அர்ச்சகர் உரிமை ஒழிந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் சேசம்மாள் வழக்கில் அச்சட்டத்தை ஏற்றது. ஏற்றுக்கொண்டே, உரிய பிரிவினர் அல்லாதார் தொட்டால் சிலை தீட்டுப்படும் என்ற ஆகம நம்பிக்கையையும் காத்து வைத்தது. 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசு ஆணையிட்டது. பயிற்சிப் பள்ளிகள் திறந்தன. 200க்கு மேற்பட்ட இளைஞர்கள் பாடம் கேட்டுத் தேர்ந்தனர். ஆணை வழக்கில் தேங்கியது. 2015 டிசம்பரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஆகமத்தையும் சொன்னது, அரசியல் சட்டத்தையும் சொன்னது. 2021 ஆகஸ்டு 14 அன்று, அப்பள்ளிகளில் பயின்ற பல சாதி இளைஞர்களுக்கு நியமன ஆணை வழங்கப்பட்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டளவில் பயிற்சி முடித்தபோது 20 வயதாயிருந்த இளைஞனுக்கு, அந்த ஆணை கைக்கு வந்தபோது வயது 33.